13,500 ரூபாய்க்கு வந்த 'அல்னிகோ' பிக்கப்: கிட்டார் வாசிக்கிறவர்கள் உஷார்

13,500 ரூபாய் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) மாற்ற நினைப்பவர்கள் படித்துக்கொள்ளுங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை கிட்டார், அதில் மூன்று சிங்கிள் காயில், அதாவது ஒரே காயில் உள்ள பிக்கப். நாகர்கோவிலில் ஒரு சர்ச்சில் வாசிக்கிறேன். கூடவே வந்த பிக்கப்பில் மெல்லிய கம்பிகள் காதைக் குத்தும். சீரியல் லைட் போட்டால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வேறு. சிங்கிள் காயிலுக்கு இது பிறவிக் குணம். 1950களில் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் இரண்டு காயிலைச் சேர்த்து ஹம்பக்கர் செய்ததே இந்த இரைச்சலைக் கொல்லத்தான். ஆனால் ஹம்பக்கர் போட்டால் ஸ்ட்ராட்டின் அந்தத் தெளிவு போய்விடும், எனக்கு அது வேண்டாம். அதனால் அல்னிகோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தம் வைத்த சிங்கிள் காயில் செட் தேடினேன். நடுவில் இருப்பதில் மட்டும் காந்தத்தின் திசையும் காயில் சுற்றிய திசையும் மற்றவற்றுக்கு எதிராக இருக்க வேண்டும். அப்படி இருந்தால், நடு பிக்கப்பும் பக்கத்துப் பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் சுவிட்சின் 2, 4 இடங்களில் இரைச்சல் அடங்கும்.

சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து கிட்டார் உதிரி பாகம் விற்கும் ஒரு சென்னைக் கடை. போன் செய்தால் எடுத்தவுடன், "பாட் 250கே தானே ப்ரோ போட்டிருக்கீங்க? 500கே இருந்தா இன்னும் குத்தும், முதல்ல அதைப் பாருங்க" என்றார். சரியான கேள்வி. (பாட் என்றால் வால்யூம், டோன் குமிழுக்குள் இருக்கும் மின்தடை, 250கே, 500கே அதன் ஓம் அளவு.) வேலை தெரிந்த ஆள்தான் இதைக் கேட்பார். பிரிட்ஜ் (கம்பிகள் கீழே முடியும் இடம்) பக்கத்து பிக்கப் 6.4 கிலோ ஓம், மற்ற இரண்டும் 5.9 என்று காயிலின் மின்தடை அளவு சொன்னார். நெக் (கழுத்துப் பக்கத்து) பிக்கப்பின் சத்தம் கேளுங்கள் என்று ஒரு ஆடியோ அனுப்பினார். அமெரிக்காவில் கையால் சுற்றியது, பில் பார்சலோடு வரும் என்றார். யுபிஐயில் 13,500 அனுப்பினேன். (அந்த ஆடியோ, தயாரிப்பாளரே வெளியிட்ட வீடியோவில் இருந்து வெட்டியது. அதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன்.)

பார்சல் வந்தது. அழகான டப்பா, பில் இல்லை. எங்கள் ஊரில் ஆம்ப் ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் கொடுத்து மாட்டினேன். பழைய பிக்கப்பை விட மோசமான சத்தம். 2-இல் வைத்தாலும் இரைச்சல் அப்படியே. அண்ணன் கழற்றி மல்டிமீட்டர் வைத்தார், மூன்றும் 5.1. திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்கா, இது அல்னிகோவே இல்ல" என்றார்.

அல்னிகோ சிங்கிள் காயிலில் கம்பிக்கு நேரே தெரியும் அந்த ஆறு உருளைகளே காந்தம். எனக்கு வந்ததில் அவை வெறும் இரும்பு, அடியில் செராமிக் காந்தப் பட்டை ஒன்று ஒட்டியிருந்தது. செராமிக் என்றாலே மட்டம் என்று சொல்ல மாட்டேன், நல்ல பிக்கப்களிலும் உண்டு. ஆனால் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும் செட்டில் ஸ்டிக்கர் ஒட்டி 13,500 வாங்குவது திருட்டு.

போன் செய்தேன். "டெஸ்ட் பண்ணித்தான் சார் அனுப்பினோம்." போட்டோ அனுப்பினேன். "உங்க ஆம்ப் பிரச்சினையா இருக்கும் சார்." மல்டிமீட்டர் அளவையும் அனுப்பினேன். "சால்டர் வச்ச பொருளை ரிட்டர்ன் எடுக்கிறதில்லை சார்." சால்டர் வைக்காமல் பிக்கப்பை எப்படி ஐயா கேட்டுப் பார்ப்பது? வாயில் வைத்தா? அப்புறம் ஓனர் வெளியூர் போய்விட்டார். அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நான் போட்ட கமெண்டும் காணோம், அதே செட்டுக்கு 'லாஸ்ட் பீஸ்' என்று புதுப் பதிவு மட்டும் இருக்கிறது. வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், நாங்கள் என்ன செய்ய என்கிறார்கள். சைபர் மோசடி உதவி எண் 1930-இல் புகார் பதிந்திருக்கிறேன். 13,500 ரூபாய், சர்ச்சில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கென்று சேர்த்த காசு.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. பணம் கொடுக்கும் முன் அடிப்பக்கத்தின் போட்டோ கேளுங்கள், பட்டை தெரிந்தால் அல்னிகோ கதையை நம்பாதீர்கள். மாட்டுவதற்கு முன் நெக்கையும் நடுவில் வருவதையும் முகத்துக்கு முகம் காட்டுங்கள்: இழுத்தால் சரி, தள்ளினால் இரைச்சல் போகாது. ஓம் அளவு கூட இருந்தால் சத்தம் நல்லா இருக்கும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். ஹம்பக்கர் வாங்குகிறவர்கள் கம்பி இடைவெளியை அளந்துகொள்ளுங்கள், எல்லாம் ஒரே அளவு கிடையாது. பில் கையில் வராமல் முழுப் பணம் தராதீர்கள், தனி ஆள் பெயரில் இருக்கும் கணக்குக்குத் தரவே தராதீர்கள்.

மிச்சம் அப்புறம். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்னும் லைன் கிடைக்கவில்லை, திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.