கிருஷ்ணகிரியில் ஒரு பழைய புத்தகக் கடை

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள இந்தக் கடைக்கு மாணவர்கள் பெரும்பாலும் போட்டித் தேர்வுக் கையேடுகளைத் தேடித்தான் வருகிறார்கள் என்றாலும், என்னைப் போன்ற சினிமாப் பைத்தியங்களுக்கு உள்ளறையே போதும். திரைக்கதை நூல்களுக்கும் அட்டை கிழிந்த சிறுகதைத் தொகுப்புகளுக்கும் இடையே, வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்துப் பைண்டு செய்த தொடர்கதைகள் கிடக்கின்றன; தாள்களின் பின்பக்கத்தில் பழைய திரைப்பட விளம்பரங்களும் தப்பிப் பிழைத்திருப்பதால், கதையைப் படிக்கும்போதே அந்த வாரம் எந்தப் படம் ஓடியது என்பதும் தெரிந்துவிடுகிறது. 2004-இல் மாவட்டம் பிரிவதற்கு முந்தைய 'தருமபுரி மாவட்டம்' என்னும் ஊதா முத்திரை சில நூல்களில் இன்னும் மங்கவில்லை.

அச்சிட்ட விலையில் ஏறக்குறைய பாதிதான் கேட்கிறார்கள். படித்த நூலைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு வேறொன்று தருவது, விடுதிச் செலவுக்கே கணக்குப் பார்ப்பவருக்குப் பெரிய உதவி.

நூல்களை வகை பிரிக்காமல் குவித்திருப்பதும் தூசியும் குறைகளே. தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியின் நூல் ஒன்றுகூட அவர் பிறந்த மாவட்டத்துக் கடையில் கிடைக்காதது எனக்குச் சற்று வருத்தம்தான். நாவல் வாங்குவோர் கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று அங்கேயே புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது.