640 யூரோ போனது: எழுத்துப் பொறித்த ஜெர்மன் அலங்கார பயோனெட் வாங்க நினைப்பவர்களுக்கு

கடந்த சனிக்கிழமை 640 யூரோ கொடுத்து ஓர் அலங்கார பயோனெட் (துப்பாக்கிமுனைக் கத்தி வடிவிலான அலங்காரக் கத்தி) வாங்கினேன். செவ்வாய்க்கிழமை மாலை அதன் மீதிருந்த எழுத்து பொய் என்று தெரிந்தது. இன்று வெள்ளிக்கிழமை; விற்றவர் என் தொலைபேசி எண்ணைத் தடுத்துவைத்துவிட்டார். கோபம் ஆறிய பிறகு எழுதினால் அவரைப் பற்றித் தேவையில்லாத மரியாதையுடன் எழுதிவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

இந்தப் பொருளை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் படைவீரனிடம் இருந்த பணி பயோனெட் அரசின் உடைமை. பணி முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே விடுப்பில் ஊருக்குப் போகும்போதும் ஞாயிறு மாலைகளில் நகரத்தில் உலாவும்போதும் இடுப்பில் தொங்கவிடுவதற்காகப் பலர் சொந்தக் காசில் தனியாக ஒன்று வாங்கிக்கொண்டார்கள். பெரும்பாலும் சோலிங்கன் நகரப் பட்டறைகளில் செய்யப்பட்ட, நிக்கல் முலாம் மின்னும், ஏறத்தாழ 20 அல்லது 25 சென்டிமீட்டர் நீள அலகு (கத்தியின் தகடு) உள்ள இந்தக் கத்திகள் சண்டைக்கானவை அல்ல. பலவற்றைத் துப்பாக்கியில் பொருத்தவே முடியாது. எழுத்தில்லாத ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் 120 யூரோவுக்கு வாங்கியிருக்கிறேன். ஆனால் அலகில் "என் பணிக்காலத்தின் நினைவாக" என்ற ஜெர்மன் வாசகமும் படைப்பிரிவின் பெயரும் அமிலத்தால் பொறிக்கப்பட்டிருந்தால் விலை பல மடங்காகிவிடும். இந்த விலை வித்தியாசத்தில்தான் ஏமாற்றுக்காரர்கள் பிழைக்கிறார்கள். கத்தி அசலாகவே இருக்கும். எழுத்து மட்டும் நேற்றையதாக இருக்கும்.

நான் தேடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு படைப்பிரிவின் பெயர். ஸ்டுட்கார்ட்டில் நிலைகொண்டிருந்த 119ஆம் எண் கிரனடியர் (காலாட்படை) படைப்பிரிவு, அன்றைய தென் ஜெர்மன் அரசான வூர்ட்டம்பெர்க்கின் அரசர் கார்லின் மனைவியும் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலாஸின் மகளுமான ஓல்கா அரசியின் பெயரைத் தாங்கியது. வேலைக்குப் போகும் வழியில் 'ஓல்கா எக்' நிறுத்தத்தைப் பல ஆண்டுகளாகக் கடந்து போகிறவன் நான். அந்தப் பெயர் பொறித்த ஒரு பயோனெட் வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசை அப்படித்தான் முளைத்தது. பழைய பொருள்களை விற்கும் ஓர் இணையச் சந்தையில், தனிநபர் விற்பனை என்ற குறிப்புடன் அது கண்ணில் பட்டபோது, 640 யூரோ என்ற விலை எனக்கு அதிகமாகவே தோன்றவில்லை.

நான் நம்பிய கணத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்தது கத்தியில் அல்ல, அந்த வரவேற்பறையில். அவர் என்னை வீட்டுக்கே வரச் சொன்னார். நெக்கர் ஆற்றை ஒட்டிய சிற்றூர்; மேசையில் காபியும் ஆப்பிள் கேக்கும்; சுவரில் சீருடை அணிந்த ஓர் இளைஞனின் பழுப்பேறிய புகைப்படம். "என் தாத்தா" என்றார். அந்த இளைஞனின் தோள்பட்டையில் என்ன எண் இருக்கிறது என்று எழுந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வெள்ளைப் பருத்திக் கையுறை அணிந்து கத்தியை உறையிலிருந்து உருவியவர், எழுத்தைக் காட்டுவதற்கு முன்பாக உறையின் நுனியில் இருந்த சிறு துருவைத் தாமாகவே சுட்டிக்காட்டி, "இதை மறைத்து விற்க எனக்கு மனம் வராது, இதற்காக இருபது யூரோ குறைத்துத்தான் 640 சொல்கிறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்தேன். துருவை மறைக்காதவர் வேறெதையும் மறைக்க மாட்டார் என்று என் மனமே அவருக்காக வாதாடியது. கட்டணச் செயலியில் நண்பர்களுக்கு அனுப்பும் வழியில் பணம் போட்டால் தமக்குப் பிடித்தம் இருக்காது என்று அவர் கேட்டபோது அதற்கும் தலையாட்டினேன். அவர் கையால் எழுதித் தந்த ரசீதைப் படித்துப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை, இத்துறையில் பல பத்தாண்டுகள் பழகிய ஒரு பெரியவரிடம் அதைப் பெருமையுடன் காட்டினேன். அவர் எழுத்தைப் பார்க்கவே இல்லை. அலகு கைப்பிடியைச் சந்திக்கும் இடத்தில் இருந்த பட்டறை முத்திரையைப் பார்த்தார். வாளைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் அணில், சுற்றிலும் 'ஒரிஜினல் ஐக்ஹோர்ன் சோலிங்கன்' என்ற எழுத்துகள். விற்றவர் வீட்டிலேயே அந்த அணிலைக் கண்டு மகிழ்ந்து, படம் எடுத்து மகளுக்கு அனுப்பியவன் நான். அது 1930களின் முத்திரை என்றார் பெரியவர். ஓல்கா அரசியின் படைப்பிரிவோ முதல் உலகப் போர் முடிந்ததும் கலைக்கப்பட்டுவிட்டது. கலைந்துபோன படைப்பிரிவில் பணியாற்றியதன் நினைவாக, பத்து ஆண்டுகளுக்கும் பிறகு செய்யப்பட்ட கத்தியில் யார் எழுத்துப் பொறித்திருப்பார்கள்? பிறகு லென்ஸைக் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். எழுத்துகளின் ஓரத்தில் நிக்கல் முலாம் கந்தலாகப் பிய்ந்திருந்தது. உள்ளே புத்தம்புதிய வெற்று எஃகு தெரிந்தது; முலாம் பூசி வெகுகாலத்துக்குப் பிறகே எழுத்தைப் பொறித்திருக்கிறார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அணில் பொய் சொல்லவில்லை. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

அன்றிரவே அழைத்தேன். முதல் அழைப்பில் அவர் குரல் தேனாக இருந்தது: தாத்தா பிற்காலத்தில் புதுக் கத்தி ஒன்று வாங்கிப் பழைய நினைவை அதில் பொறித்துக்கொண்டிருக்கலாமே என்றார். மறுநாள், ரசீதைப் படித்தீர்களா என்று கேட்டார். அப்போதுதான் படித்தேன். "பழைய பயோனெட் ஒன்று, பார்த்தபடி வாங்கப்பட்டது, 640 யூரோ." படைப்பிரிவின் பெயரும் இல்லை, எழுத்தைப் பற்றிய பேச்சும் இல்லை. மூன்றாவது அழைப்பில், நான் வேறொரு கத்தியை மாற்றிவைத்து நாடகம் ஆடவில்லை என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார். அதன் பிறகு அழைப்பே போகவில்லை. இணையச் சந்தைக்கு எழுதிய புகாருக்கு, நேரில் பெற்றுக்கொண்ட பொருளுக்கு வாங்குவோர் பாதுகாப்பு பொருந்தாது என்று நேற்று இரண்டு வரி பதில் வந்தது. கட்டணச் செயலியும் நண்பருக்கு அனுப்பிய பணத்தில் தலையிட முடியாது என்று கைகழுவிவிட்டது. தனிநபர் விற்பனையில் பொறுப்பு விலக்கு எழுதியிருந்தாலும், குறையை அறிந்தே மறைத்தவர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்று ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் 444ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அவர் அறிந்தே மறைத்தார் என்று நிறுவும் சுமை என் தலையில் இருக்கிறது.

அந்தச் சுமையை இன்று காலை அவரே சற்றுக் குறைத்தார். அதே சந்தையில், வேறொரு கணக்கின் பெயரில், அதே வரவேற்பறை மேசைமீது வைத்து எடுத்த இன்னொரு பயோனெட்டின் படம் வந்திருக்கிறது. இம்முறை எழுத்து, ஊல்ம் நகரில் இருந்த 123ஆம் எண் கிரனடியர் படைப்பிரிவைச் சொல்கிறது. தாத்தாவின் படம் பின்னால் பாதி தெரிகிறது. விலை 690 யூரோ.

விரிவாக அறிவுரை எழுதுவதாகத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனம் ஓடவில்லை. எழுத்துக்கு முன்பாக முத்திரையைப் பாருங்கள், அதன் காலமும் படைப்பிரிவின் காலமும் பொருந்துகின்றனவா என்று கணக்கிடுங்கள். லென்ஸ் இல்லாமல் போகாதீர்கள். படைப்பிரிவு, காலம், எழுத்து மூன்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள்; தயங்கினால் காபியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். முன்பின் தெரியாதவருக்கு நண்பர் வழியில் பணம் அனுப்பாதீர்கள்.

புதிய விளம்பரத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துவைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காவல் நிலையத்துக்கு அதையும் கத்தியையும் ரசீதையும் கொண்டுபோகிறேன். இதை எழுதி முடிக்கும் இந்த நேரத்தில் அந்த விளம்பரத்தை ஐந்து பேர் விருப்பப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.