காட்டு மண்ணில் கரிமத்தைப் பிடித்து வைப்பது எது: குளிரா, மரமா, மண்ணா?

உடுமலையிலிருந்து மறையூர் வழியாக மூணாறு போகும்போது, சாலைக்காக வெட்டிய மண்கரைகளைக் கவனித்துக்கொண்டே போங்கள். சின்னாறு பக்கம் முள்காட்டுக்கு அடியில் வெளிறிய மணற்பாங்கான மண். இரவிகுளத்தை நெருங்க நெருங்கக் கரையின் மேற்பகுதி கறுத்துவிடும். அந்தக் கறுப்பு, இலையும் வேரும் மக்கி உண்டான மட்கின் நிறம். மட்கில் பாதிக்கு மேல் கரிமம், அதாவது கார்பன். உலக மண்ணின் மேல் ஒரு மீட்டருக்குள் மட்டும் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி டன் கரிமம் இருக்கிறது. காற்றிலும் செடிகொடிகளிலும் உள்ளதைக் கூட்டினாலும் இந்த அளவு வராது. ஆனால் நம் மலையில் அது புல்மேட்டுக்கு அடியிலும் இவ்வளவு சேர்ந்தது எப்படி?

முதல் பதில், மழையும் குளிரும். மண்ணியலாளர்கள் ஹான்ஸ் ஜென்னியும் ராய்சௌத்ரியும் இந்திய மண்வகைகளை அலசி 1960-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது: மழை கூடினால் மட்கு கூடும், வெயில் கூடினால் குறையும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் நுண்ணுயிர்கள் மட்கைத் தின்னும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சின்னாறு மழைமறைவுப் பகுதி. ஆண்டுக்கு 500 மி.மீ. வந்தாலே பெரிது. மூணாறில் 3,000-ஐத் தாண்டும். சின்னாறுக்கும் மூணாறுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இந்தப் பதில் போதும். ஒரே மழையில், ஒரே குளிரில், பக்கத்துப் பக்கத்துச் சரிவுகள் ஏன் வேறுபடுகின்றன என்றால் இதனிடம் விடை இல்லை.

இரண்டாவது பதில், மரம். கடினமான இலையும் பட்டையும் மட்க நாளாகும், ஆகவே கரிமம் தங்கும் என்று வெகுகாலம் நம்பினார்கள். 2011-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் அலசல் அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது. மரத்தை விறைப்பாக்கும் லிக்னின்கூட மண்ணில் சில பத்தாண்டுகளுக்குள் சிதைந்துவிடுகிறது. மரத்தின் தரப்பில் இன்னும் வலுவாக நிற்பது வேர்ப்பூஞ்சை வாதம்தான். கிராண்டிஸ் (ஒரு யூகலிப்டஸ் வகை), பைன் போன்றவற்றின் வேரை உறைபோல் மூடும் பூஞ்சைகள் தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்வதால் மற்ற நுண்ணுயிர்கள் பசியில் தளர்ந்து, மட்கு மிஞ்சுகிறது என்கிறார்கள். சரி. ஆனால் வட்டவடை, காந்தளூர்ப் பக்கம் கிராண்டிஸ் தோப்புகளில் கண்ணில் படுவது மேலே குவிந்த சருகு. ஒரு தீ போதும், அது போய்விடும். புல்லோ தன் சேமிப்பில் பெரும்பங்கை வேரில் வைக்கிறது. இலையிலிருந்து வரும் கரிமத்தைவிட வேரிலிருந்து வருவதே மண்ணில் அதிகம் தங்குகிறது.

என் மனம் சாய்வது மூன்றாவது பதிலுக்கு: மண்ணின் கனிமம். ஆயிரக்கணக்கான ஆண்டு மழையில் பாறை கரைந்து விடுவித்த அலுமினியமும் இரும்பும் மட்கோடு இறுகப் பிணைந்துகொள்கின்றன. பிணைந்த மட்கை நுண்ணுயிர் எளிதில் தொட முடியாது. நீலகிரி உச்சி மண்ணை ஆராய்ந்தவர்கள், எரிமலையே இல்லாத அந்த மலையில் எரிமலைச் சாம்பல் மண்ணின் குணங்களைக் கண்டார்கள். காரணம் இந்தப் பிணைப்புதான். நம் உயர்மலையும் அதே தொடரில், அதே போன்ற பழம்பாறையில், அதே போன்ற மழையில் இருப்பது. கரிமம் எவ்வளவு உள்ளே வருகிறது என்பதை மழையும் குளிரும் தீர்மானிக்கலாம். வந்தது எத்தனை நூற்றாண்டு தங்கும் என்பதைக் கனிமமே தீர்மானிக்கிறது. மரவகைக்கு நான் தருவது மூன்றாம் இடம்.

அதனால்தான் 'கார்பனுக்காக மரம் நடுவோம்' என்று புல்மேட்டில் குழி வெட்டக் கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. குழி வெட்டும்போது மண்கட்டி உடைகிறது. உள்ளே அடைபட்டிருந்த மட்குக்குக் காற்றுப் படுகிறது. சரிவில் அடுத்த மழை மேல்மண்ணை அரித்துப் போகிறது. நட்ட மரம் அதை ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம், ஈடுகட்டாமலும் போகலாம். கிராண்டிஸை அகற்றுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: மரத்தை வெட்டுங்கள், கட்டையைத் துளிர்க்க விடாதீர்கள். ஆனால் ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்காதீர்கள். வேர் அங்கேயே மட்கட்டும், மேலே புல் வரட்டும்.