தோள் நழுவினால் எந்த ஸ்கேன்: எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, ஆர்த்ரோகிராம், சிடி

கபடியில் பிடிபட்டோ பைக்கிலிருந்து விழுந்தோ தோள் இறங்கிவிட்டால், அதை ஏற்றிவிட்ட உடனே வீட்டார் கேட்பது "எம்ஆர்ஐ எடுத்துடலாமா டாக்டர்?" என்பதுதான். எடுக்கலாம். ஆனால் திரும்பத் திரும்ப நழுவுகிற தோளுக்கு எம்ஆர்ஐ மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

தோளில் பந்து (மேல்கை எலும்பின் தலை) பெரிது, அது உட்காரும் குழி ஆழமற்றது. குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற வளையம்தான் அதற்குக் கொஞ்சம் ஆழம் தருகிறது. பந்து முன்பக்கம் நழுவும்போது அந்த வளையம் பிய்கிறது. இது பாங்கார்ட் காயம். சிலருக்கு விளிம்பு எலும்பும் சேர்ந்து உடையும். பந்தின் பின்பக்கமோ குழியின் விளிம்பில் மோதிப் பள்ளமாகிறது. அது ஹில்-சாக்ஸ், 1940-ல் இரண்டு கதிரியக்க மருத்துவர்கள் விவரித்த காயம். ஆக, பார்க்க வேண்டியவை இரண்டு: வளையம், எலும்பு. இரண்டையும் ஒரே ஸ்கேன் சமமாகக் காட்டுவதில்லை.

எக்ஸ்ரே மலிவு, எங்கும் கிடைக்கும், முதலில் எடுக்க வேண்டியதும் அதுதான். நேராக எடுத்த ஒரு படத்தை மட்டும் நம்பக் கூடாது. வலிப்பு வந்தோ ஷாக் அடித்தோ தோள் பின்பக்கமாக நழுவியிருந்தால், அந்தப் படம் ஏறக்குறைய இயல்பாகவே தெரியலாம். அக்குள் வழியாக எடுக்கும் படமும் இருந்தால் அது தப்பாது.

வளையத்துக்கு எம்ஆர்ஐ. முதல் முறை நழுவிய சில நாட்களுக்குள் எடுத்தால் சாதாரண எம்ஆர்ஐயே நன்றாகக் காட்டும், மூட்டுக்குள் கசிந்த ரத்தம் வளையத்தை விலக்கிப் பிடித்திருப்பதால். மாதங்கள் கழித்து அந்த ரத்தம் இருக்காது. அப்போது ஆர்த்ரோகிராம் மேல்: நீர்த்த கடோலினியம் மருந்தை ஊசி மூலம் மூட்டுக்குள் செலுத்திவிட்டு எம்ஆர்ஐ எடுப்பார்கள். மருந்து கிழிசலுக்குள் புகுந்து அதை வெளிச்சம் போட்டுக் காட்டும். ஊசி வலியும் கூடுதல் செலவும் உண்டு. கிருமித் தொற்று அபூர்வம். நாற்பது வயதைத் தாண்டியவருக்கு முதல் முறை நழுவினால் தோளைச் சுற்றிய தசைநாண் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை அல்ட்ராசவுண்டே காட்டிவிடும். வளையத்துக்கும் எலும்புக்கும் அது உதவாது.

இனி எலும்பு. இங்கேதான் சிடி எனக்கு முக்கியமாகப் படுகிறது. முப்பரிமாண சிடியில் பந்தைக் கணினியில் நீக்கிவிட்டுக் குழியை நேருக்கு நேர் பார்க்கலாம். குழியின் கீழ்ப்பாதி ஏறக்குறைய வட்டமாக இருப்பதால், அதன்மேல் ஒரு வட்டம் வரைந்து எவ்வளவு எலும்பு குறைந்திருக்கிறது என்று அளப்பார்கள். குழியின் அகலமே சுமார் 25 மி.மீ.தான், 5 மி.மீ. போனாலே ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. 20 முதல் 25 சதவீதம் குறைந்த தோளில் வளையத்தை மட்டும் தைத்துவிட்டால் மறுபடி நழுவும் அபாயம் அதிகம் என்பதால், பக்கத்து எலும்புத் துண்டு ஒன்றைக் குழியின் விளிம்புக்கு நகர்த்தி வைக்கும் லாட்டர்ஜே அறுவை சிகிச்சை பேச்சுக்கு வரும். இப்போது 13.5 சதவீதத்திலேயே எச்சரிக்கையாக இருக்கிற அறுவை நிபுணர்களும் உண்டு. பந்தின் பள்ளம் குழியின் விளிம்பில் சிக்குமா என்பதையும் இதே அளவுகளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

எம்ஆர்ஐயிலும் எலும்பை அளக்கலாம், புதிய முறைகள் சிடிக்கு நெருங்கி வருகின்றன. ஆனாலும் எலும்புக்கு இன்னும் சிடிதான் அளவுகோல். கதிர்வீச்சு இருக்கிறது, இளைஞர்களுக்கு அதை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். எனவே முதல் நழுவலிலேயே எல்லோருக்கும் சிடி வேண்டாம். பல முறை நழுவியிருந்தாலோ, கையைச் சற்று உயர்த்தினாலே இறங்குகிறது என்றாலோ, எக்ஸ்ரேயில் விளிம்பு தேய்ந்து தெரிந்தாலோ, அறுவை சிகிச்சைக்கு முன் சிடி கட்டாயம் என்பேன். ரிப்போர்ட்டில் "எலும்பு இழப்பு உள்ளது" என்று மட்டும் இருந்தால், எத்தனை சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், அடியே படாமல் எல்லாப் பக்கமும் தளர்ந்திருக்கும் தோள்களும் உண்டு. அவற்றில் எந்த ஸ்கேனும் சுத்தமாக வரலாம். அங்கே டாக்டர் கையை அசைத்துப் பார்க்கும் சோதனைதான் விடை சொல்லும், சிகிச்சையும் பெரும்பாலும் பிசியோதெரபியில் தொடங்கும்.