முதுகு வழியா, முன்பக்க வழியா?

உயரத்திலிருந்து விழுந்தவர்களுக்குப் பெரும்பாலும் நொறுங்குவது மார்பும் இடுப்பும் சந்திக்கும் இடத்து முள்ளெலும்புதான். உடைந்த சில்லு பின்னோக்கித் தள்ளப்பட்டுத் தண்டுவடத்தை அழுத்துகிறது. கால்கள் மரத்துப்போகின்றன, சிறுநீர் அடைபடுகிறது.

இந்த அழுத்தத்தை நீக்க அறுவை மருத்துவர் முதுகு வழியாகவும் போகலாம், முன்பக்கமாகவும் போகலாம். முதுகு வழி அறுவையில் நோயாளி குப்புறப் படுத்திருப்பார். உடைந்த எலும்புக்கு மேலும் கீழும் டைட்டேனியம் திருகுகளைச் செலுத்தி, கம்பியால் இணைத்து, இழுத்து நிமிர்த்துவார்கள். அந்த இழுப்பில் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் விறைத்துச் சில்லை முன்னுக்குத் தள்ளிவிடுவதும் உண்டு. பின்பக்கத் தசைநார்கள் கிழிந்திருந்தால் இந்த வழியே சரி.

முன்பக்கமாகப் போனால் சில்லைக் கண்ணால் பார்த்தே எடுக்கலாம். தண்டுவடத்தை அசைக்க வேண்டியதில்லை. நொறுங்கிய எலும்பின் இடத்தில் உலோகக் கூடு உட்காரும். ஆனால் அதற்கு விலா எலும்பை அகற்றி, உதரவிதானத்தை விலக்க வேண்டியிருக்கும். நுரையீரலும் அடிபட்டவருக்கு அது பெரும் சுமை.

பெரும்பாலானோருக்கு முதுகு வழியே போதும் என்பேன். அதன் பிறகும் சில்லு அழுத்தினால் முன்பக்கம். வழியைப் பற்றிய விவாதத்தில் நேரம் கரைவதுதான் பொறுக்க முடியாதது. கழுத்துத் தண்டுவடக் காயம் குறித்து 2012-இல் வெளியான ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் 19.8 சதவீதம் பேர் ஆறு மாதத்தில், நரம்புப் பாதிப்பை அளக்கும் அளவுகோலில் இரண்டு படிகளேனும் முன்னேறியிருந்தார்கள். தாமதித்தவர்களில் 8.8 சதவீதம்.