பாலிசி எண் ஒரு ஸ்கூட்டருடையது

பழைய கார் வாங்கும்போது என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் குனிந்து நிமிர்ந்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்த்தவன் நான். இன்சூரன்ஸை மட்டும் புரோக்கரிடம் விட்டுவிட்டேன். "நானே புதுப்பித்துத் தருகிறேன் சார்" என்றார். மறுநாளே பாலிசி வாட்ஸப்பில் வந்தது. முத்திரை, கையெழுத்து, க்யூஆர் குறியீடு எல்லாம் இருந்தன. பணம் போனதோ நிறுவனத்துக்கு அல்ல, ஒரு தனிநபரின் கணக்குக்கு. அதைக் கவனித்தும் பேசாமல் இருந்தேன். என் தவறு அது.

எட்டு மாதங்களில் மூன்று முறை வாகனச் சோதனையில் அந்தத் தாளை நீட்டியிருக்கிறேன். தேதியைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். நான்காவது முறை நின்றிருந்த இளம் எஸ்.ஐ. தாளைத் தொடவே இல்லை. வண்டி எண்ணைத் தன் கைபேசியில் தட்டினார். வண்டியின் இன்சூரன்ஸ் முடிந்து எட்டு மாதம் ஆகிறது என்றது திரை. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தார். யாரோ இணையத்தில் ஏற்றிவைத்த அதே தாளின் படம்தான் திறந்தது. அந்தப் பாலிசி எண் யாருடைய ஸ்கூட்டருக்கோ உரியது என்று நிறுவனத்தில் பிறகு சொன்னார்கள்.

அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 196-ஆவது பிரிவின்படி முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போலித் தாளைக் காட்டுவது வேறு வழக்கு. போலி என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ ஓர் ஆவணத்தை மோசடியாக உண்மையானதுபோல் பயன்படுத்துவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 340-ஆவது பிரிவில் குற்றம். தாளை நீட்டிய கை என்னுடையது. ஆகவே முதல் கேள்விகளும் என்னிடம்தான். வாட்ஸப் உரையாடலையும் வங்கிப் பரிமாற்றத்தையும் அழிக்காமல் வைத்திருந்ததால் ஏமாந்தவன் நான் என்று சொல்ல ஆதாரம் இருந்தது. அப்படியும் வண்டி காவல் நிலைய வாசலில் வெயில் காய்ந்தது. நான் வாக்குமூலத்துக்கு நடையாய் நடந்தேன்.

அந்த எட்டு மாதங்களில் யார்மீதாவது மோதியிருந்தால்? முறையான பாலிசி இருந்தால், மூன்றாம் நபரின் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை நிறுவனம் தரும். போலிக்கு எந்த நிறுவனம் தரும்? மொத்தமும் உரிமையாளர் தலையில்தான் விழும். இதை நினைத்தால் இன்றும் தூக்கம் போகிறது.

பாலிசி கைக்கு வந்ததும் அரசின் எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். புதிய பாலிசி அதில் ஏறச் சில நாள் ஆகலாம். இந்தச் சாக்கைத்தான் புரோக்கரும் சொன்னார், நானும் அதோடு மறந்துவிட்டேன். அதுவரை காத்திருக்காமல் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கே அழைத்துக் கேளுங்கள். தாளில் அச்சாகியிருக்கும் எண் வேண்டாம். என் தாளில் இருந்த 'வாடிக்கையாளர் சேவை' எண்ணை அழைத்தபோது, "வணக்கம், சொல்லுங்கள்" என்றது அதே புரோக்கரின் குரல்.