மெயில் முகவரியை இணையப் பக்கத்தில் வெளிப்படையாகப் போட்டது: நீண்ட கால அனுபவம்

தொண்ணூறுகளில் சொந்தமாக ஒரு இணையப் பக்கம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அடியில் மெயில் முகவரியையும் போட்டுவிடுவார்கள், நானும் போட்டேன். மெயில்டூ இணைப்பு 1994 டிசம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 1738 என்ற இணைய விதிமுறை ஆவணத்திலேயே இருக்கிறது. அழுத்தினால் மெயில் மென்பொருள் திறக்கும், முகவரி தானாக நிரம்பியிருக்கும், எழுதி அனுப்ப வேண்டியதுதான். முன்பின் தெரியாதவர்கள் பிழை திருத்தம் அனுப்புவார்கள், சந்தேகம் கேட்பார்கள், சிலர் வெறுமனே திட்டுவார்கள். அதுவும் ஒரு சுகம்தான்.

அப்புறம் ஸ்பேம், அதாவது கேட்காமலே வந்து குவியும் விளம்பர மெயில். பக்கம் பக்கமாக மேய்ந்து @ குறி இருக்கிற சொல்லையெல்லாம் வாரிக்கொண்டு போகும் நிரல்கள் வந்துவிட்டன. ஒருமுறை பட்டியலில் ஏறிய முகவரி கைமாறிக்கொண்டே இருக்கும், பக்கத்திலிருந்து எடுத்தாலும் அந்தப் பட்டியலை நாம் திரும்ப வாங்க முடியாது.

ஒளித்து வைக்கும் வித்தைகள் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. '@' என்பதற்குப் பதில் பக்கத்தின் எச்.டி.எம்.எல். மூலத்தில் '@' என்ற குறியீட்டை எழுதினால் உலாவி சரியாகக் காட்டும், முகவரி வாரும் எளிய நிரல் ஏமாறும், ஆனால் கொஞ்சம் விவரமாக எழுதிய நிரலுக்கு அது ஒரு வரி வேலை. 'அட்', 'டாட்' என்று சொல்லாக எழுதினால் வாசகர் தட்டச்சு செய்யும்போது தப்பு விடுகிறார், மெயில் எங்கேயோ போகிறது. எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது படமாகப் போடுவது. நகலெடுக்க முடியாது, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிற பார்வையற்றவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. நிரலுக்குப் பயந்து மனிதனைத் துரத்துகிற வேலை.

முகவரிக்குப் பதில் பக்கத்திலேயே செய்தியை நிரப்பி அனுப்புகிற தொடர்புப் படிவமும் அப்போதே இருந்தது. படிவத்தில் நிரப்பியதை மெயிலாக அனுப்ப, 1995-இல் மேட் ரைட் என்பவர் எழுதிய ஃபார்ம்மெயில் நிரலைத்தான் எங்கு பார்த்தாலும் வைத்திருப்பார்கள், அதன் பழைய பதிப்புகளில் இருந்த ஓட்டை வழியாக மூன்றாம் ஆளுக்கே ஸ்பேம் அனுப்ப முடிந்தது என்பது வேறு கதை.

இப்போது பக்கத்துக்கென்று தனி முகவரி, அதைத் திறந்தபடியே வைத்திருக்கிறேன், ஸ்பேமை மெயில் வடிகட்டி பார்த்துக்கொள்கிறது. மெயில்டூ மட்டும் போதாது, உலாவியிலேயே மெயில் பார்க்கிறவர் அழுத்தினால் அமைப்பே செய்யாத ஏதோ மென்பொருள் எழுந்து நிற்கும், அதனால் முகவரி எழுத்தாகவும் தெரிய வேண்டும். படிவம் மட்டும் இருக்கிற இடங்களில் நான் பெரும்பாலும் எழுதுவதே இல்லை, அனுப்பியதன் நகல்கூட நம்மிடம் இருக்காது.